சுவரொட்டி யார் தட்டுக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலையில், எலவனாசூர்கோட்டை பஸ் நிறுத்தத்தை ஒட்டிய கறிக்கடையில் நூர் முகமதுவின் கத்தியைவிட அவருடைய வாய்தான் வேகமாக ஓடும். கறி வெட்டுவதோடு நிற்காமல் வைத்தியமும் சொல்வார்.

“சுவரொட்டி சாப்டுங்க சார். அத்தினியும் இரும்புச் சத்து, ரத்தம் ஊறும்” என்று சொல்லி ஆட்டு மண்ணீரலைப் பொட்டலம் கட்டி தீனதயாளனிடம் கொடுத்தார். ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான் அது. ஓய்வு பெற்ற பிறகும் தினம் ஆறு கிலோமீட்டர் நடக்கிற தீனதயாளனுக்கு வாராவாரம் அது தவறாமல் போய்விடும்.

கடைக்குப் பின்னால்தான் நூர் முகமதுவின் வீடு. மனைவி மஹ்ஜபீன் டீ கொண்டுவந்தாள். நாலு படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது. முந்தானையில் முடிந்திருந்த பச்சரிசியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“பாரும்மா, எந்நேரமும் அரிசியை மென்னுகினே இருக்கா. கோழியா பொறந்திருக்க வேண்டியவ” என்று, கறி வாங்க நின்ற நர்ஸ் ராதிகாவிடம் சொல்லிச் சிரித்தார் நூர் முகமது.

ராதிகா சிரிக்கவில்லை. மஹ்ஜபீனின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். சிவப்பே இல்லை. மறுநாள் இருவரையும் சுகாதார நிலையத்துக்கு வரவழைத்து, மஹ்ஜபீனுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறரைதான் இருந்தது.

“இரும்பு கம்மியானா இப்படி அரிசி திங்கற ஆசை வரும் பாய். மூச்சுக் காத்தை உடம்பு பூரா தூக்கிக்கினு போறதே ரத்தத்துல இருக்கற இரும்புதான். அது மொத்தமே மூணு கிராம் இருந்தா ஜாஸ்தி. உங்க தராசுல வெச்சா முள்ளு அசையாது. ஆனா அது கொறைஞ்சா இதயம் ரெண்டு மடங்கு வேலை செய்யணும். இப்படியே வுட்டா ஒரு நாள் இதயமே ஓய்ஞ்சிடும்.”

ராதிகா மாத்திரைகளைக் கொடுத்துவிட்டு மஹ்ஜபீனிடம் திரும்பினாள். “டீயோட போடாதீங்கக்கா, எலுமிச்சை ஜூஸோட போடுங்க. ஈரல், சுவரொட்டி எல்லாம் கடைசியா எப்ப சாப்ட்டீங்க?”

மஹ்ஜபீன் யோசித்தாள். “சின்னவன் வயித்துல இருக்கறப்போ. கடையில மீந்தாதானே வூட்டுக்கு வரும்? வந்தாலும் இவருக்கும் புள்ளைங்களுக்கும் போட்டது போக எனக்குக் கொழம்புதான்.”

குறையாகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். சின்னவனுக்கு இப்போது பத்தொன்பது வயது. நூர் முகமதுவுக்கு வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு தீனதயாளன் வழக்கம்போலக் கையை நீட்டினார். “நம்மளது எங்க பாய்?”

“வூட்டுக்குப் போயிடுச்சு சார். இனிமே அங்கதான் போவும்.”

“வீட்ல யாருக்காவது ஒடம்பு சரியில்லையா?”

“பொண்டாட்டிக்கு. ஊருக்கே ரத்தம் ஊற வழி சொன்னேன், என் வூட்லயே ஒருத்தி ரத்தமில்லாம நடமாடிக்கினு இருந்ததைப் பாக்கல. பொம்பளை கடைசியா உக்காந்து மிச்சத்தைத் திங்கறதை வழக்கம்னு சொல்லிக்கினு இருக்கோம் சார். அது நாம பண்ற அநியாயம்.”

கத்தியைக் கீழே வைத்தார். “நீங்க வாராவாரம் வாங்கிக்கினு போறீங்களே, அதுல ஒரு துண்டாவது வூட்டம்மா சாப்ட்டாங்களா சார்?”

மனைவியின் தட்டில் என்ன இருக்கும் என்று தீனதயாளன் ஒரு நாளும் பார்த்ததில்லை.