ஆறு நின்று பார்த்த ஆட்டம்

திருமுதுகுன்றத்துச் செல்வநாயகி, எரியும் விளக்கைத் தலையில் ஏந்தி, கவிழ்த்து வைத்த பீங்கான் கோப்பைகளின்மேல் ஏறி, ஒரு பாட்டு முடியுமட்டும் ஆடினாள். கோப்பை ஒன்றுகூடக் கீறல் காணவில்லை. அவ்வாட்டத்தைப் பார்க்கும் பொருட்டு மணிமுத்தாறு தன் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு நின்றது. நம்பவேண்டா, அன்பரே, அவ்வூரிலும் நம்பியவர் எவரும் இலர். விளக்கு என்றால் தலையசைப்பார்கள். கோப்பை என்றால் புருவத்தை உயர்த்துவார்கள். ஆறு என்றதும் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு போய்விடுவார்கள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் தைத் திங்களில், ஞாயிறு மேற்கே சாயத் தொடங்கிய ஒரு மாலைப்பொழுது. கோயிற் கோபுரங்கள் கடைத்தெருவின்மேல் தம் நிழலைப் பாய்போல் நீள விரிக்க, கரும்பு சுமந்த வண்டிகள் மணப்பெண்ணின் தோழியரைப் போல ஒன்றையொன்று உரசியும் ஒதுங்கியும் பெண்ணாடம் நோக்கி அசைந்து செல்ல, இருப்புப்பாதைக்கு அப்பால் பீங்கான் பட்டறைகளின் புகைபோக்கிகள் வேலை முடிந்த முதியவர் புகை விடுவதுபோல் ஆர அமர ஊதிக்கொண்டிருந்தன. முற்றங்களில் முகம் எழுதப்படாத பொம்மைகள் வரிசை வரிசையாய் உலர்ந்து, தமக்குக் கண் கிடைக்கும் நாளை எதிர்நோக்கி நின்றன.

அப்பொம்மைகளுக்குக் கண் எழுதுபவள் இளமதி. அவளைத்தான் அன்று பெண் பார்க்க வருகிறார்கள். தாயை இழந்த அவளைத் தொட்டில் நாள்தொட்டு வளர்த்தவள், தாயின் தமக்கையும் இப்போது பட்டறையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டுபவளுமாகிய செல்வநாயகி. மணமகன் அறிவழகன் பெண்ணாடத்துக் கரும்பாலையில் பணிபுரிபவன். ஒரே ஒரு பொம்மை வாங்க வந்தவன், கண் எழுதிய கையைக் கண்டு மயங்கி, வாரந்தோறும் வந்து வாங்கி, வீடு நிறைந்து மாட்டுக்கொட்டிலிலும் அடுக்கியதால், மாடுகள் நாணிப் பால் மறுத்தன என்பது ஊர்ப்பேச்சு.

இனி, செல்வநாயகியின் குடிவழி. அவள் பாட்டியின் காலத்தில் ஆடல்மகளிர் இன்றி அந்நாட்டில் திருவிழா இல்லை. நிலக்கிழார் வீட்டுத் திருமணமும் இல்லை. ஆடல்மகள் இறைவனையே கணவனாகக் கொண்டமையால் கைம்மை என்பதே அறியாதவளாதலின், மணமகளின் தாலிச்சரட்டில் மணி கோக்க அவள் கையையே நற்கையென்று தேடிவந்து அழைத்தனர். பின்னர்க் காலம் திரும்பிற்று, கோயிற்கதவு அடைபட்டது, அழைத்த வீடுகளும் முகம் திருப்பின, பசி மட்டும் எங்கும் போகாமல் உடனிருந்தது. தாய் வீரம்மாள் நாடகமேடை ஏறினாள். மகளோ இசைத்தட்டுச் சுழல, மின்னும் உடை உடுத்து, திருவிழாப் பந்தல்களில் திரைப்பாட்டுக்கு இடுப்பசைத்து ஆடினாள். உடன் ஆடியவருள் சிலர், ஆட்டம் முடிந்தபின் வண்டி அனுப்பியவர் வீட்டுக்கும் சென்றனர். உலை கொதிக்க வேறு வழி காணாத அவர்களைச் செல்வநாயகி ஒருபோதும் இழித்துப் பேசியதில்லை. தானும் சில நாள் அவ்வண்டியில் ஏறியதுண்டு என்பதை மறைத்ததும் இல்லை.

விந்தை யாதெனில், நல்லூர் முதல் சேத்தியாத்தோப்பு வரை ஊர் திரண்டு கண்ட அந்தக் கோப்பை ஆட்டத்தைத் தான் கண்டதாகச் சொல்லும் ஆண்மகன் ஒருவன்கூட அப்பக்கத்தில் இல்லை. எல்லாரும் அன்று வயலுக்கு நீர் பாய்ச்சப் போயிருந்தார்களாம். அத்தனை பேரும் மெய்யாகவே பாய்ச்சியிருந்தால் கடலூர் மாவட்டம் கடலோடு கலந்திருக்கும்.

தரகர் விருத்தகிரி அன்று முற்பகலே வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு வேண்டினார். "யக்கா, கோச்சுக்காதீங்க. நீங்க கோயிலுக்குப் பூ கட்டுறவங்கன்னு அவங்ககிட்ட சொல்லி வச்சிருக்கேன். அவங்க போற வரைக்கும் அடுப்படியிலயே இருந்துடுங்க. மாப்ள அப்பாரு தங்கதுரை லேசுப்பட்ட ஆளு இல்ல. தேங்காயத் தட்டிப் பாத்து, ஒடச்சும் பாத்துட்டு, அப்பறமும் இது தேங்காய்தானான்னு கேப்பாரு."

செல்வநாயகி ஒப்பினாள். தன்னால் இத்திருமணம் தட்டிப்போய்விடலாகாது என்பது ஒன்றே அவள் நெஞ்சில் நின்றது. ஆனால், உள்ளிருந்து இளமதியின் குரல் எழுந்தது. "பெரியம்மா வெளிய வந்து ஒக்காந்தாத்தான் நான் காப்பி எடுத்துட்டு வருவேன். இல்லன்னா காப்பி ஆறிப் போவட்டும்."

மாலையில் அவர்கள் வந்தார்கள். தங்கதுரை வாயிலில் நின்றே சுவரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். அவர் மனைவி பெரியம்மாள் பூவும் பழமுமாய் முகம் மலர்ந்து நுழைந்தாள். அறிவழகன், தான் வாங்காமல் விட்ட பொம்மை ஏதேனும் உண்டோ என்று தேடுபவன்போல் அடுப்படிக் கதவையே நோக்கியிருந்தான். செல்வநாயகி வந்து அமர்ந்தபோது மற்றவர் கண்கள் அவள் முகத்தில் பதிந்தன. தங்கதுரையின் கண்கள் மட்டும் அவள் பாதங்களில் போய் விழுந்து, சுட்டதுபோல் மீண்டன. ஆட்டம் கண்டவர்களே முதலில் காலைப் பார்ப்பார்கள் என்பதை அவள் நெடுநாள் பழக்கத்தால் அறிவாள்.

"யக்கா, கோயிலுக்குப் பூ கட்டுறீங்களாமே? என்ன பூவு?" என்று பெரியம்மாள் அன்போடு கேட்டாள். தரகருக்கு இருமல் வந்தது.

மல்லிகை என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால், அந்தப் பொய் வெளிப்பட்டுவிடுமோ என்று புகுந்த வீட்டில் இளமதி வாழ்நாள் முழுதும் நுனிக்காலில் நடக்க நேருமே என்று எண்ணினாள் செல்வநாயகி. நிமிர்ந்தாள். "பூ கட்டலம்மா. நான் ஆட்டக்காரி. மேடை போட்டு ஆடுனவ. நல்லது பொல்லாதது எல்லாம் பாத்தவ. உள்ள இருக்கிற பொண்ணுக்கு அதுல ஒண்ணும் தெரியாது."

"எந்திரி. போவலாம்," என்றார் தங்கதுரை மனைவியிடம். முடிவு சொல்லாமல் பெண்வீட்டில் வாய் நனைப்பதில்லை என்பது அவர்கள் வழக்கம். கொண்டுவந்து வைத்த தண்ணீரும் தொடப்படாமல் இருந்தது. அறிவழகன் மட்டும் எழவில்லை.

உள்ளே இளமதியின் வளையல் ஓசை நின்றுபோயிற்று. அதைக் கேட்ட செல்வநாயகியின் கண்ணில், மேடைக்காலத்துக் குறும்பு ஒன்று மெல்லத் திரி தூண்டிக்கொண்டது.

"போங்க பெரியவரே. அதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. மாசி மகத்தன்னைக்கு ஆத்து மணல்ல ஆடுனேன். கோப்ப மேல ஏறி நின்னு ஆடுனேன். ஆறே நின்னு பாத்துச்சு."

"மாசியில மணிமுத்தாத்துல தண்ணி ஏதும்மா, நிக்கிறதுக்கு? எல்லாம் பொய்யி."

"தலையில தண்ணிக் கொடம்," என்று அவள் தொடர்ந்தாள். தங்கதுரையின் மீசை துடித்தது.

"காலுக்குக் கீழ பச்சக் கோப்ப. சூளைக்கே போவாத ஈரக் களிமண்ணு."

பட்டறை ஊரில் பிறந்த சிறு பிள்ளையும் அறியும், சூளை காணாத கோப்பை ஒரு சிட்டுக்குருவியின் எடையையும் தாங்காதென்று. பொய்யென்று தெரிந்த ஒன்றைத் திருத்தாமல் விட்டதில்லை தங்கதுரை. அது அவர் பிறவிக் குணம். நாவை அடக்க அவர் பட்ட பாடு, மதகை முதுகினால் அடைக்க முயன்றவன் பாடு. இறுதியில் மதகு உடைந்தது.

"பச்சக் கோப்பையாவது! அது சுட்ட கோப்பம்மா! நீலக் கோடு போட்ட கோப்ப! தலையில கொடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெளக்கு! அஞ்சு திரியும் எரிஞ்சுது! ஒண்ணுகூட அணையல!"

பெரியம்மாள் தன் கணவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க," என்றாள், மிக மெதுவாக. "அந்த மாசி மகத்துக்கு நீங்க சேத்தியாத்தோப்புக்கு நெல்லு வாங்கத்தான போனீங்க?"

"போனேன்... வண்டி அச்சு முறிஞ்சு..."

"மறுநா காலையில வந்தீங்க. காலெல்லாம் ஆத்து மணலு. கேட்டதுக்கு, நெல்லுல மணலு கலந்துட்டானுவோன்னு சொன்னீங்க. நானும் அந்த வியாபாரிய மூணு மாசம் திட்டுனேன்!"

அடுப்படியில் களுக்கென்று ஒரு சிரிப்பு சிந்திற்று. அறிவழகன் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தான்.

பெரியம்மாள் தன் இருக்கையை விட்டுச் செல்வநாயகியின் அருகில் வந்து அமர்ந்தாள். "யக்கா, எங்கம்மா தாலிக்கு மணி கோத்துக் குடுத்தது ஒங்க வகையறாவுல ஒரு கெழவிதான். எங்கம்மா சாவுற வரைக்கும் மஞ்சக் குங்குமத்தோடதான் இருந்துச்சு. எனக்குக் கோக்கத்தான் ஆளு கெடைக்கல. இந்தப் பொண்ணு தாலிக்கு நீங்களே கோத்துக் குடுங்க. ஆனா, வூட்டு ஆம்பள வாயத் தொறக்கணுமே."

செல்வநாயகி தங்கதுரையை நோக்கினாள். வெற்றி கண்ட பார்வை அன்று அது. நெடுந்தொலைவு நடந்து வந்தவள் நிழலைக் கண்ட பார்வை. "நீங்க அங்க வந்தது தப்புன்னு நான் சொல்லல பெரியவரே. ஊரே வந்துச்சு. முப்பது வருசத்துக்கு மேல ஆயிடுச்சு, பாத்தேன்னு சொல்ல ஒரு ஆளு இல்ல. சில நாளு எனக்கே சந்தேகம் வந்துடுது, நாம ஆடுனோமா, கனவு கண்டோமான்னு."

இளமதி காப்பி கொண்டுவந்தாள். கோப்பையைத் தங்கதுரையின் முன் வைத்தாள். கண்டவர் வாய்திறவாத வரையில் ஆடியவளும் ஆடாதவளே. அவள் காலில் தேய்ந்த சலங்கைகளும், அவளுக்கு முன் ஆடிப் பெயரற்றுப் போன எத்தனையோ மகளிரின் இரவுகளும், ஆற்றுமணலில் எழுதிய எழுத்தாய் அழிந்தே போகும். அவர் கோப்பையை எடுத்தார். சொட்டு மிஞ்சாமல் குடித்தார். பிறகு அதனைத் தட்டின்மேல் கவிழ்த்து, அதன் அடியில் ஒரு விரலை ஊன்றி, எடை பார்ப்பவர்போல் மெல்ல அழுத்தினார்.

"நடந்துச்சு," என்றார். "ஒரு கோப்பையும் ஒடையல. நான் முன் வரிசையில நின்னேன்."

"ஆறு?" என்றாள் பெரியம்மாள்.

தேங்காயை உடைத்தும் நம்பாத அம்மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அந்த வருசம் தையில மழ பெஞ்சுது. ஆத்துல தண்ணி ஓடிச்சு." அவர் கண்கள் மீண்டும் அந்தப் பாதங்களைத் தேடிச் சென்றன, இம்முறை அவை விரைந்து மீளவில்லை.

"நின்னுச்சு. நான் பாத்தேன்."