துவக்குக்கார மாப்பிள்ளையும் சுவரில் இல்லாத மணிக்கூடும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது கதையே அல்ல, கட்டுரையாக வந்திருக்கவேண்டியது. 1997 கோடையில், மூன்றே இதழோடு நின்றுபோன ஒரு லண்டன் தமிழ்ச் சஞ்சிகையின் ஆசிரியர் என் வீடியோக் கடைக்கு வந்தார். "சில நாடுகளில சாதாரண சனத்திட்ட ஏன் இவ்வளவு துவக்கு இருக்கு? ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதித் தாரும் குலம், நாலு பக்கம்" என்றார். அதற்கு முந்தின வருடம் ஸ்கொட்லாந்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகளைச் சுட்ட கொடுமைக்குப் பிறகு, இங்கே கைத்துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அவற்றைப் பொலிஸில் ஒப்படைத்துக்கொண்டிருந்த காலம். பேப்பரைத் திறந்தால் துவக்கு. ஆசிரியருக்கு ஆள் தேவைப்பட்டது, ஈஸ்ட் ஹாமில் கல்யாண வீடியோ எடுத்துப் பிழைக்கிற குலசேகரம் அகப்பட்டான். நான் என் வாழ்நாளில் எதையாவது குறிபார்த்தது கமெராவால் மட்டும்தான்.

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"துப்பாக்கி என்பது மனித குலத்தின் ஆதி அச்சத்தின்" (இந்த மாதிரி வசனம் எந்த விழா மலரிலும் கிடைக்கும். விட்டேன்.)

"அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தமானது" (தேடிப்பிடித்து வாசித்தேன். ஒரே ஒரு வசனம். அதற்குப் பொருள் சொல்லியே இருநூறு வருடமாக வழக்கறிஞர்கள் சாப்பிடுகிறார்கள். நான் எந்த மூலைக்கு?)

"சுவிஸ்காரன் அரசாங்கம் கொடுத்த துவக்கைக் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டு" (சுவிஸில் இருக்கும் மச்சானுக்குப் போன் பண்ணி உண்மையோ என்று கேட்டேன். "கட்டில் இருக்கிறவன் வைச்சிருப்பான். நாங்கள் ஒரு அறையில ஆறு பேர் நிலத்தில படுக்கிறம்" என்றான்.)

இந்த இடத்தில் யாக்கோப்பு அண்ணை ஒரு கடித உறையோடு கடைக்குள் வந்தார். கட்டுரை அன்றோடு சரி.

2

யாக்கோப்புக்கு அறுபத்திரண்டு வயது. மன்னாரில் வயலும் உழவு மெசினும் வைத்திருந்த மனிதர். லண்டனில் ஒரு கார் பார்க்கில் தடுப்புத் தடியை ஏற்றி இறக்குகிற உத்தியோகம். கட்டையான ஆள், ஆனால் நடக்கும்போது ஆறடி என்று நினைப்பு. மனைவி றோஸ்மலர். மகள் பெர்னடெற்றுக்கு முப்பத்தொன்று முடிகிறது. இந்த வயதுக்குப் பிறகு வருகிற ஒவ்வொரு சம்பந்தத்தையும் கடைசிப் பஸ் என்று பெற்றவர்கள் நினைப்பது வழக்கம். யாக்கோப்பும் அப்படித்தான் நினைத்தார். பெர்னடெற் மட்டும் அப்படி நினைக்கவில்லை. [முதல் வரைவில் "பெர்னடெற் யன்னலோரம் நின்று கண்கலங்கினாள்" என்று எழுதியிருந்தேன். அவளே கடைக்கு வந்து வாசித்துவிட்டு, "குலம் அண்ணை, நான் எப்ப அழுதனான்? அஞ்சு மாசமா அந்தாளோட போனில சிரிச்சுக்கொண்டெல்லோ இருக்கிறன்" என்றாள். வெட்டிவிட்டேன்.]

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் மாதா கோயிலில் பாட்டுக் குழுவை நடத்தும் மெற்றில்டா அக்கா. மாப்பிள்ளை றெஜினோல்ட், அமெரிக்காவில் ரெக்சாஸ் மாநிலம், ஹூஸ்ரன், எஞ்சினியர், குடி இல்லை, பூசைக்குத் தவறாமல் போகிறவர், தாயோடு சொந்த வீடு. எல்லாம் பொருத்தம். யாக்கோப்பு உறைக்குள்ளிருந்து மாப்பிள்ளையின் படத்தை எடுத்து என் மேசையில் போட்டார்.

"தம்பி, இந்த அநியாயத்தை ஒருக்காப் பாரும்."

பார்த்தேன். தொப்பி, சப்பாத்து, நல்ல சிரிப்பு. தோளில் ஒரு நீட்டுத் துவக்கு.

எங்கள் பெடியள் லண்டனில் படம் எடுத்து அனுப்புவதென்றால் யாரோ வெள்ளைக்காரனின் காரில் சாய்ந்துகொண்டு எடுப்பார்கள். ரெக்சாஸில் துவக்கோடு எடுப்பார்கள் போலிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் றெஜினோல்ட் நேர்மையான ஆள், துவக்காவது சொந்தத் துவக்கு. இதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் யாக்கோப்பு வெடித்தார்.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனான். துவக்குக்காரனுக்கோ பிள்ளையைக் குடுக்கிறது? விசரோ எனக்கு?"

3

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த கையோடு, யாக்கோப்பு ஹூஸ்ரனுக்குப் போன் எடுத்தார். பெண்ணைப் பெற்றவன் விசாரிக்கவேண்டியவற்றை எல்லாம் விட்டுவிட்டு ஒன்றையே விசாரித்தார்.

"தம்பி, என்னத்துக்கு உமக்குத் துவக்கு?"

"மாமா, இஞ்ச எல்லாரும் வைச்சிருக்கினம். பக்கத்து வீட்டுக்காரன் பல்லு டொக்டர், அவனிட்ட ஏழு. மற்றப் பக்கம் ஒரு ரீச்சர், அவவின்ர ஹாண்ட்பாக்கில ஒண்டு. பொலிஸைக் கூப்பிட்டா வர முக்கால் மணித்தியாலம் எடுக்கும்."

"அப்ப கள்ளர் வாறவங்களோ?"

"நான் வந்து ஒன்பது வருசம். ஒருத்தரும் வரேல்லை."

"பின்னை?"

றெஜினோல்ட் சொன்னான்: "ஒருத்தரிட்டையும் இல்லையெண்டால் எனக்கும் தேவையில்லை மாமா. எல்லாரிட்டையும் இருக்கேக்க என்னட்ட மட்டும் இல்லையெண்டால் நித்திரை வராது."

(சஞ்சிகை ஆசிரியர் கவனிக்கவும்: நீங்கள் நாலு பக்கத்தில் கேட்டதை மாப்பிள்ளை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டான். ஆய்வாளர்கள் வரலாறு என்பார்கள், எல்லைப்புறம் என்பார்கள், வேட்டை என்பார்கள், அரசாங்கத்தை நம்பாத குணம் என்பார்கள், விற்கிறவனின் சாமர்த்தியம் என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் மேலே சொன்னது நித்திரை வராதவன் சொன்னது.)

யாக்கோப்புக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் மன்னாரில் அவரிடமும் ஒன்று இருந்தது.* லைசென்ஸ் எடுத்த வேட்டைத் துவக்கு. வயலில் இறங்கும் பன்றிக்கு என்றுதான் வாங்கினார். சுட்ட பன்றி இரண்டோ மூன்றோதான். ஆனால் அது அலுமாரிக்கு மேலே இருந்த காலத்தில் மனிதர் நன்றாக நித்திரை கொண்டார். அந்த ஞாபகம் வந்ததில் அவருக்கு இன்னும் கோபம் கூடியது.

"அதை வித்துப்போட்டு வாரும். பிறகு கதைப்பம்."

இன்னொருவன் என்றால் போனை வைத்திருப்பான். றெஜினோல்ட், "சரி மாமா" என்றான். அடுத்த கிழமையே விற்றும்விட்டான். பெர்னடெற்றிடம் மட்டும், "இப்ப றோட்டில எனக்குத்தான் வெறுங்கை, நீர் வந்து காவல் இருக்கவேணும்" என்று சொல்லிச் சிரித்தானாம்.

* இந்தத் துவக்கை 84இல் இயக்கப் பெடியள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். மரியாதையான பெடியள், வாங்கினதுக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். யாக்கோப்பு அந்தத் துண்டைத் தன் அகதி விண்ணப்பத்தோடு இணைத்தார். விசாரித்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் ஏன் முத்திரை இல்லை என்று கேட்டாராம்.

4

இனி மாப்பிள்ளையின் தாயின் முறை. பொம்பிளையைப் படத்தில் பார்த்தது காணாதாம். நடக்கிறதையும் கதைக்கிறதையும், வீட்டையும் பார்க்கவேண்டுமாம். வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னா. அந்த வேலை என்னிடம் வந்தது.

முன்னறையில் எடுத்தேன். பெர்னடெற் நீலச் சாறியில் வந்து சோபாவில் இருந்தாள். றோஸ்மலர் தேத்தண்ணி கொண்டுவந்தா. யாக்கோப்பு கமெராவைப் பார்த்து இங்கிலிஷில் வரவேற்புரை வேறு சொன்னார். பின்னால் சுவரில் ஒரு மணிக்கூடு

நிறுத்துகிறேன். மணிக்கூடு இல்லை.

இந்தக் கதையின் மூன்று வரைவிலும் அந்தச் சுவரில் மணிக்கூடு என்றுதான் எழுதிவைத்திருந்தேன். லண்டனில் கடை வைத்திருக்கிற ஒரு தமிழன் எதை எழுதலாம், எதை எழுதாமல் விட்டால் நல்லது என்று எனக்குத் தெரியும். வாசிக்கிற உங்களுக்கும் தெரியும், நடிக்காதேயுங்கள். அந்தச் சுவரில் இருந்தது யூட்டின் படம். யாக்கோப்பின் மகன், பெர்னடெற்றின் தம்பி. துவக்குப் போய் மூன்று வருடத்துக்குப் பிறகு, பதினேழு வயதில், அவனும் இயக்கத்தோடு போனான். அவனுக்கு ஒருவரும் துண்டு எழுதிக் கொடுக்கவில்லை. 91இல் செத்துப்போனான். படத்தை இயக்கம்தான் அனுப்பியது. சீருடை, மீசை அரும்பிய முகம், கன்னத்தோடு ஒட்டி மேலே நிமிர்ந்து நிற்கும் துவக்கு. கீழே ஒரு சின்ன மின்சார மெழுகுதிரி. சின்ன வயதுப் படங்கள் எல்லாம் ஓடி வரும்போது தொலைந்துவிட்டன. வளர்ந்த மகனுக்கு என்று அவர்களிடம் இருப்பது இந்த ஒன்றுதான்.

ஆறு வருடமாக அந்தப் படத்தின் முன்னால் ஜெபமாலை சொல்கிற யாக்கோப்பின் கண்ணில் அந்தத் துவக்கு ஒருநாளும் பட்டதில்லை. கமெராவின் கண்ணில் பட்டது. எனக்கும் பட்டது. காட்சியை வெட்டி ஒட்டத் தெரிந்த நான், ஒன்றும் சொல்லாமல் அமெரிக்க மெசினுக்கு ஏற்றபடி கசற்றை மாற்றித் தபாலில் போட்டேன். ஏன் என்று கேட்காதேயுங்கள். கேட்டால் சோம்பல் என்பேன்.

5

இரண்டு கிழமையில் போன் வந்தது. றெஜினோல்ட் குரலில் சிரிப்பு இல்லை.

"மாமா, வீடியோவைப் பாத்திட்டு அம்மா பயப்பிடுறா. எங்கட கிறீன் கார்ட் அலுவல் இன்னும் முடியேல்லை. இஞ்ச இப்ப எல்லாத்தையும் கிண்டிப் பாக்கிறாங்கள்."

"என்ன பயம்? என்னத்துக்கு?"

"நான் என்ர துவக்கை வித்துட்டன் மாமா. நீங்கள் உங்கடதை என்ன செய்யப்போறியள்?"

யாக்கோப்பு, "எங்கட வீட்டில ஏது துவக்கு?" என்று கத்திக்கொண்டே திரும்பினார். சுவர் தெரிந்தது. போனை வைத்துவிட்டார்.

6

மறுநாள் படத்தைச் சட்டையால் மூடிக்கொண்டு கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"தம்பி, முகத்தை மட்டும் பெருப்பிச்சு எடுக்க ஏலுமோ? மற்றதை விட்டுட்டு."

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். குழல் கன்னத்தை உரசிக்கொண்டு போகிறது. "ஏலும் அண்ணை. ஆனால் துவக்கை வெட்டினால் இடது காதும் போகும்."

"காதோ?"

"ஓம். கன்னத்திலயும் கொஞ்சம்."

அவர் படத்தின் மேல் விரலை வைத்து அந்தக் காதைத் தடவினார். "சின்னனில இந்தக் காதில சீழ் வடியும். நான்தான் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறனான்" என்றார். அவர் அழுதார். எனக்கும் தாங்கவில்லை. பகிடி பண்ணி எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கை வராது.

7

இந்த இடத்தில் முடிவு வைக்கவேண்டும். மூன்று தயாராக இருக்கிறது.

அ. படத்தைக் கழற்றுகிறார்கள். கல்யாணம் நடக்கிறது. (ஆனால் ஆறு வருடம் வெயில் படாத இடம் சுவர்த்தாளில் பளிச்சென்று நீள்சதுரமாகத் தெரியும். மாப்பிள்ளையின் தாய் அதையும் கேட்பா.)

ஆ. கழற்றவில்லை. சம்பந்தம் முறிகிறது. கூட்டத்தில் வாசித்தால் நல்லாய்க் கைதட்டு விழும். (கைதட்டுகிறவர்களின் மகள்மார் கல்யாணம் கட்டிப் பிள்ளைகளும் பெற்றுவிட்டார்கள்.)

இ. றெஜினோல்ட் மனம் மாறி (போதும்.)

நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடி வீடியோ எடுக்கப் போனேன். யாக்கோப்பு கதிரையில் ஏறி, படத்தின் இரண்டு பக்கமும் கையை வைத்தார். குசினி வாசலில் றோஸ்மலர் நின்றா.

"அதில கை வைச்சால் நானும் அதோட வெளியில போறன். பிறகு மனுசியும் இல்லாத வீட்டை எடுத்து அனுப்புங்கோ."

அவர் கையை எடுத்துக் கீழே இறங்கினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, படத்துக்கு முன்னால், சுவரோடு முதுகு ஒட்ட, போய் நின்றுகொண்டார்.

"இப்பிடியே நிக்கிறன். நீர் எடும் தம்பி. நான் மறைப்பன்."

கமெராவை ரீவியோடு இணைத்திருந்ததால் எல்லோருக்கும் அதில் தெரிந்தது. கட்டையான மனிதர். அவர் தலை மகனின் முகத்தை முழுக்க மறைத்தது. துவக்கின் குழல் மட்டும் அவருடைய தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் இடப்பக்கம் சரிந்து பார்த்தார், வலப்பக்கம் சரிந்து பார்த்தார், கால்விரலில் எம்பிப் பார்த்தார். மகன்தான் மறைந்தான். துவக்கு மறையவில்லை.

பெர்னடெற் ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அஞ்சு மாதச் சிரிப்பு அந்தக் கசற்றில்தான் தங்கியிருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். சாறித் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்:

"அப்பா, கொஞ்சம் விலகுங்கோ. தம்பியைத் தெரியேல்லை."

நான் பொத்தானை அமத்தினேன்.

யாக்கோப்பு விலகினாரா, இல்லையா என்று சொல்லமாட்டேன். கசற் என் மேசையில் இருக்கிறது. அமெரிக்க மெசினுக்கு மாற்றியாயிற்று, ஹூஸ்ரன் முகவரியும் எழுதியாயிற்று. பெர்னடெற், "நீங்களே போட்டுவிடுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். போன தடவை சோம்பல் என்று தப்பினேன், இந்தத் தடவை அது சரிவராது. ஆகவே உங்களைக் கேட்கிறேன், தபாலில் போடட்டோ? பதிலை ஆறுதலாகச் சொல்லுங்கள். அதற்கு முதல் ஒருக்கா எழும்பிப் போய், உங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் என்ன கொழுவியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.