தண்ணீர் தொடாத தசரதன்

நெடுங்கரை தசரதனைத் தண்ணீர் தொட்டு வருடம் ஆறாகிறது. மழை அவரைச் சுற்றித்தான் பெய்யும். குடம் குடமாகத் தலையில் கவிழ்த்தாலும், உச்சிக்கு ஒரு சாண் மேலேயே பிரிந்து இரண்டு பக்கமும் தரையில் விழும். குடிக்கிற தண்ணீர் மட்டும் தொண்டையில் இறங்கியது, அந்த மட்டுக்கும் அதற்கு இரக்கம் இருந்தது. எண்ணெய் தேய்த்துப் பழந்துணியால் துடைத்துக்கொள்வதுதான் அவருக்குக் குளியல். மனைவி பாஞ்சாலி ஸ்ரீபெரும்புதூருக்குத் தோல் டாக்டரிடம் அழைத்துப்போனாள். டாக்டர் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, சருமம் வறண்டிருக்கிறது என்று ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். வேறென்ன எழுதுவார், பாவம்.

காரணம் ஊருக்கே தெரியும். பென்னலூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே இருக்கிற நெடுங்கரையில் ஒரு ஏரி இருந்தது. மடைத்தண்ணீர் யார் முறை என்று தகராறு வந்தால், ஏரித்தண்ணீரை ஒரு கை அள்ளி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, விரலைப் பிரித்துவிட வேண்டும். அதற்கு மேல் பேச்சில்லை. பொய் சொன்னவனைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும். ஏரியில் பாதிக்கு லாரி லாரியாக மண் விழுந்திருந்த சமயம், அந்த இடத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுக்கலாமா என்று விசாரிக்க சர்க்காரிலிருந்து நாலு பேர் காரில் வந்தார்கள். ஏரிப் பாசனத்தில் அதிக நிலம் வைத்திருந்தவர் தசரதன், அதனால் அவரைக் கேட்டார்கள். கம்பெனிக்காக இடம் பேசித் திரிந்த நெல்லையப்பன் அதற்கு முந்தின வாரமே, தண்ணீர் லாரி ஒப்பந்தம் வாங்கித் தருகிறேன் என்று அவருக்கு ஆசை காட்டியிருந்தான். வந்தவர்கள் கேட்டதென்னவோ வாய்வார்த்தைதான். இவர் பழக்கதோஷத்தில் குனிந்து, பள்ளத்தில் மிச்சமிருந்ததை ஒரு கை அள்ளிக்கொண்டு, "ஏரியா? இங்க இன்னா சார் ஏரி கீது? மழ பேஞ்சா நிக்கிற குட்ட" என்று சொல்லி விரலைப் பிரித்தார். யாரய்யா உன்னை அள்ளச் சொன்னது? விழுந்த தண்ணீர் விழுந்தது. உள்ளங்கையில் ஈரமே இல்லை.

கம்பெனி எழும்பியது. பின்னாலேயே தொழிலாளர் விடுதிகள், பரோட்டாக் கடைகள், குளிர்சாதனக் கல்யாண மண்டபம் எல்லாம் ஏரி வயிற்றிலேயே எழும்பின. விடுதிகளுக்குத் தண்ணீர் தசரதன் லாரியில் போயிற்று. தண்ணீர் தொடாதவர் தண்ணீர் விற்றுப் பிழைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்து கேமராவோடு வருகிறவர்கள், போன் மேப்பில் இன்னும் நீலமாகத் தெரிகிற ஏரியைத் தேடிக் கம்பெனிச் சுவரில் வந்து முட்டி நிற்பார்கள். "கொக்கு பாக்க வந்தீங்களா? அதுங்களுக்கு இங்க வேல போட்டுத் தரல, போய்ட்ச்சுங்க" என்பாள் டீக்கடைக் கன்னியம்மா. ஊர் எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்டது. மழைக்காலத்தில் ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகள் செல்போனைத் தசரதன் சட்டைப்பையில் போட்டுவிட்டு, பஸ் வந்ததும் வாங்கிக்கொண்டார்கள்.

தசரதனுக்கு ஆசை என்று ஒன்றுதான் பாக்கி. தண்டலம் காலேஜில் படித்து முடித்த ஒரே மகள் யுவஸ்ரீயைத் தன் கையால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டும். தாய் செம்பிலிருந்து ஊற்ற, தகப்பன் கையை நனைத்து, மகள் கை வழியாக மாப்பிள்ளை கையில் தண்ணீர் இறங்க வேண்டும். இறங்கினால்தான் கொடுத்ததாகக் கணக்கு. மாப்பிள்ளை விமல்ராஜ் வாலாஜாபாத்துப் பையன், அதே கம்பெனியில் சூப்பர்வைசர். பெண்ணுக்காவது மனமிரங்கு தாயே என்று தசரதன் ஒரு மாதமாக வேண்டாத சாமியில்லை.

கல்யாண மேடையில் பாஞ்சாலி ஊற்றினாள். தண்ணீர் அவர் கைக்கு மேலே பிரிந்து ஐயர் வேட்டியை நனைத்தது. மறுபடி ஊற்றினாள், மறுபடியும் அதேதான். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஞ்சாலி காதருகே குனிந்தாள்.

"ஏரி இருந்துச்சுன்னு சொல்லுய்யா. நாலு பேர் கேக்க ஒரே வார்த்த. உம் பொண்ணு கைய நீட்டிக்கினு நிக்குதுய்யா."

தசரதன் வாயைத் திறந்தார். முன்வரிசையில் நெல்லையப்பனும் கம்பெனி அதிகாரிகளும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். யுவஸ்ரீ அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பாஞ்சாலியின் தம்பியைக் கூப்பிட்டார்.

"ஏகாம்பரம், நீ வந்து நில்லு மச்சான். முகூர்த்தம் போவுது."

ஏகாம்பரநாதன் கையில் தண்ணீர் நல்ல பிள்ளையாக இறங்கியது. மேளம் கொட்டியது. ஓரமாக நின்ற தசரதன் பட்ட அவமானம் எதிரிக்கும் வரக் கூடாது. ஆனால் அதைத் தேடிக்கொண்டவரும் அவர்தான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மகளை அனுப்பும்போது, எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் பெற்றவராயிற்றே, யுவஸ்ரீ அவர் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். நிமிர்ந்து அவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கஞ்சி போட்ட மடிப்பு கலையாமல் காய்ந்து கிடந்தது. "சரிப்பா, போய்ட்டு வரேன்" என்று தன் கண்ணைத் தானே துடைத்துக்கொண்டு காரில் ஏறினாள். கார் திரும்பி மறைவதற்குள் விடுதியிலிருந்து போன் வந்தது, தண்ணீர் தீர்ந்துவிட்டதாம். டிரைவர் கல்யாணச் சாப்பாட்டில் இருந்தான். தசரதன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே லாரியை எடுத்தார்.