ஏழாவது படி

பெயிண்டர் தன் இரும்பு ஏணியைத் தரையோடு இழுத்துக்கொண்டு வரும் சத்தம் தெரு திரும்பும்போதே கேட்டது. அவள் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஷட்டரைக் கொஞ்சம் மேலே தள்ளிப் பார்த்தாள். அவருடைய வலது கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது. ஏணியில் ஒரு படி ஒரு பக்கம் விட்டுப்போய் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. எந்தப் படி என்று எண்ணிப் பார்க்க அவளுக்குத் தேவை இருக்கவில்லை.

"மாஸ்டர் இருக்காராக்கா?"

"உள்ள டீ குடிச்சிட்டிருக்கார். கைக்கு என்ன ஆச்சு?"

"நீங்க ஒட்டிக் கொடுத்த ஏணி என்னைக் கீழ இறக்கி விட்டுடுச்சு. இறங்கணும்னு நான் சொல்லவே இல்ல."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே பார்த்துக் கணவரைக் கூப்பிட்டாள்.

வீட்டோடு ஒட்டிய கார் ஷெட் அது. கார் என்று ஒன்று அதில் நின்றதே கிடையாது. தொழிற்சாலை வேலையை விட்ட பிறகு மாஸ்டர் அங்கே வெல்டிங் மிஷினைப் போட்டார். கேட், ஜன்னல் கம்பி, உடைந்த நாற்காலி, சைக்கிள் கேரியர் என்று வந்ததையெல்லாம் ஒட்டிக் கொடுத்தார். பக்கத்தில் நின்று சாமானைப் பிடித்துக்கொண்டவள் அவர் மனைவி. பிடித்துப் பிடித்தே அவளுக்கும் கை வந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் மாஸ்டரின் பார்வையில் நட்டநடுவே ஒரு கறை விழுந்தது. ஓரமெல்லாம் தெரியும்; எதை உற்றுப் பார்க்கிறாரோ அது மட்டும் தெரியாது. இனி இப்படித்தான் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாஸ்டர் பழகிய தெருவில் தடுமாறாமல் நடப்பார். ஆளைக் குரலை வைத்துக் கண்டுபிடிப்பார். பேச்சில் யாருக்கும் பிடிகொடுக்க மாட்டார். அதனால் விஷயம் வெளியே போகவில்லை. வெல்டிங் வெளிச்சம் தெருவில் போகிறவர்கள் கண்ணுக்கு ஆகாது என்று சொல்லி ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, அன்றிலிருந்து எல்லா வேலையையும் அவள்தான் செய்தாள். சாமான் வாங்க ஆள் வரும்போது மாஸ்டர் முன்னால் வந்து அதைத் தடவிக் கொடுப்பார்.

முதலில் அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. போகப் போக உறுத்தியது. போன மாதம் ஒரு அம்மாள் கேட்டைத் தடவிப் பார்த்து, "மாஸ்டர் கைன்னா கைதான்" என்றபோது, அவள் கையில் டீ டம்ளர்களோடு பின்னால் நின்றிருந்தாள். அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டாள். "ஒரே ஒரு ஆளுகிட்டயாவது இதெல்லாம் இவ போட்டதுன்னு சொல்லுங்களேன்." அவர் "சொல்லிக்கலாம், இப்ப என்ன அவசரம்" என்றார். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆள் வரும்போதும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெயிண்டரின் ஏணி வந்ததும் அதே மாதம்தான். பதினோரு படியும் துருப்பிடித்து ஆடிக்கொண்டிருந்தன. அவள் பத்தைப் போட்டு முடித்திருந்தாள். வாசலில் சிலிண்டர் வந்ததென்று போய்த் திரும்புவதற்குள், மீதியிருந்த ஏழாவது படியை மாஸ்டர் போட்டுவிட்டிருந்தார். "கை இன்னும் மறக்கலம்மா" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவள் வருஷக்கணக்கில் பார்த்ததில்லை. பற்றின்மேல் ஓடாகப் படிந்திருந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தாள். உருகிய இரும்பு படிக்குள் இறங்காமல், மெழுகு சொட்டினாற்போல மேலோடு உட்கார்ந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க மனமில்லாமல், காலையில் சத்தமில்லாமல் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று கறுப்புப் பெயிண்டை எடுத்து அடித்து மூடினாள். காலையில் விடிந்ததும் விடியாததுமாகப் பெயிண்டர் வந்து ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மாஸ்டர் வந்து ஏணிப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். விரல் ஒரு இடத்தில் நின்றது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

"பதினோரு படியில இது ஒண்ணுதான் மாஸ்டர் காலை வாரிடுச்சு. மத்த பத்தும் கல்லு மாதிரி நிக்குது" என்றார் பெயிண்டர்.

"மத்த பத்தும் நான் போட்டது" என்றார் மாஸ்டர். "அன்னிக்கு நான் வெளிய போயிருந்தேன். ஒண்ணு போட்டுப் பார்க்கறேன்னு இவதான் ஆசைப்பட்டு இதைப் போட்டா."

இவதான். இத்தனை நாளாக அவள் காத்திருந்த வார்த்தை அது.

பெயிண்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தைவிட வேடிக்கைதான் அந்தப் பார்வையில் அதிகம். "ஏங்க்கா, கத்துக்கறதுக்கு என் ஏணிதான் கிடைச்சுதா? உங்க வீட்டுல ஒரு முக்காலி கூடவா இல்ல? விழுந்தாலும் அரை அடிதான்."

பெயிண்டைச் சுரண்டிக் காட்டினால் போதும். அவள் இடதுகைக்காரி. அவள் போட்ட பத்துப் படியிலும் வெல்டிங் பற்றின் செதில்கள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்; ஏழாவதில் அதற்கு நேர் எதிர்ப் பக்கம். சின்னக் குழந்தைகூடப் பார்த்துச் சொல்லிவிடும். அவள் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியென்றால் அவருக்கு அவள் முகம் தெரியவில்லை.

மூடி மறைத்தது தன் கைதானே என்றும் தோன்றியது.

"ஆமா" என்றாள். "தப்பு என் மேலதான்."

"சரி விடுங்க. இந்தப் படியை மட்டும் உங்க கையால போட்டுக் கொடுங்க மாஸ்டர். நான் இங்கயே உக்காந்துக்கறேன்" என்று பெயிண்டர் ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாஸ்டருக்கு வேறு வழி இருக்கவில்லை. முகமூடியை இறக்கிக்கொண்டு வெல்டிங் ராடை நீட்டினார். அது படிக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஏணிக்காலில் பட்டு ஒட்டிக்கொண்டது. முறுக்கிப் பிடுங்கினார். இரண்டாம் தடவையும் அதே கதை. வெளிச்சத்துக்குப் பயந்து பெயிண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. மூன்றாம் தடவை அவர் கை நீளும்முன் அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விட்டால் எப்படியாவது ஒட்டிவிடுவார். பெயிண்டரும் நம்பி ஏறுவார்.

மாஸ்டர் முகமூடியைத் தூக்கினார். "தோள்பட்டை வலி விட்டபாடில்ல. நீயே போடு. நான் பக்கத்துல இருந்து சொல்றேன்."

அவள் பழைய பற்றைக் கிரைண்டரால் வெள்ளை இரும்பு தெரியும்வரை இழைத்தாள். பிறகு இரண்டு பக்கமும் நிதானமாகப் போட்டாள். "மெதுவா… ஆங்… ராடைச் சாய்ச்சுப் பிடி" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தன் வேகத்தில் போனாள். ஆறியதும் கசடு தானாகச் சுருண்டு உரிந்தது. ஏணியைச் சுவரில் சாய்த்து, ஏழாவது படியில் ஏறி நின்று இரண்டு முறை குதித்தாள்.

பெயிண்டர் படியைத் தடவினார். "பார்த்தீங்களா, வாத்தியார் பக்கத்துல இருந்தா எப்படி வருதுன்னு."

"கத்துக்குவா" என்றார் மாஸ்டர்.

ஏணி இழுபடும் சத்தம் தெருவில் தேய்ந்து மறைந்தது. அவள் கீழே கிடந்த கசடைப் பெருக்கினாள்.

"கோபமா?" என்று கேட்டார் மாஸ்டர்.

அவள் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"யோசிச்சுப் பாரும்மா. என் பேரு கெட்டா இந்தப் பக்கம் ஒரு ஆள் வரமாட்டான். உனக்கென்ன? கெட்டுப்போறதுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கா?"

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. எந்தத் தகட்டுக்கு எந்த ராடு என்று சொல்லுகிற அதே குரலில் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மேஜைமேல் போன் அடித்தது. எப்போதும் அவள் எடுத்து அவரிடம் நீட்டுவாள். அவர் கையை நீட்டிக் காத்திருந்தார். அவள் போனைத் தன் காதில் வைத்தாள்.

"மாஸ்டர் இருக்காருங்களா? மாடி பால்கனில ஒரு கம்பி ஆடுது" என்றது ஒரு ஆண் குரல்.

"மாஸ்டருக்கு மூணு வருஷமாக் கண்ணு சரியாத் தெரியாது" என்றாள் அவள். "இங்க வெல்டிங் எல்லாம் நான்தான் போடறேன். வீடு எங்கன்னு சொல்லுங்க, வந்து பார்க்கறேன்."

"அப்படீங்களா… வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அந்தக் குரல் வைத்துவிட்டது.

மாஸ்டரின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"என்ன சொன்னான்?"

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றாராம்."

"சொல்ல மாட்டான்."

"தெரியும்" என்றாள்.