இரட்டை இழை

கந்தவேல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மாண்டலினின் கழுத்தை மூக்குக்கு நேரே நீட்டிப் பிடித்து, அதன் வழியே சேலத்துக் கடைவீதியைப் பார்த்தான். தறிக்கு மரம் வாங்கும்போது கோணல் இருக்கிறதா என்று இப்படித்தான் பார்ப்பான். இந்தக் கழுத்து நடுவில் லேசாக வயிறு தள்ளியிருந்தது. சிப்பிப் பூ பதித்து, வார்னிஷ் மினுங்க, கடையில் இருந்த மூன்றில் அழகானது அதுதான். அவன் அதைக் கீழே வைத்துவிட்டான்.

"ஏனுங்க, அதுக்கு என்ன கொறை?" என்றார் கடைக்காரர். ஆர்மோனியம், சுவர்க் கடிகாரம், கிராமபோன் ஊசி எல்லாம் விற்கிற கடை. கடை திறக்கும்போதே வந்து நின்ற ஆள் இன்னும் நகரவில்லையே என்று அவருக்குச் சலிப்பு.

"கழுத்து நேரா இல்லீங்க."

"கழுத்துலயா வாசிக்கப் போறீங்க?"

கந்தவேல் அடுத்த மாண்டலினை எடுத்தான். டாக்கிப் படங்களுக்கு மாண்டலின் வாசிக்கிற மருதாசலம் அவனுக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். கழுத்து நேராக இருக்க வேண்டும். கம்பிகள் கட்டையை விட்டு உயர்ந்து நின்றால் புதுக் கைக்கு அழுத்த வராது. கம்பியை இறுக்கும் முறுக்காணி திருகிய இடத்தில் நிற்க வேண்டும், இளகக் கூடாது. பூவையும் பளபளப்பையும் பார்த்து ஏமாறக் கூடாது. இந்தக் கடைசிப் புத்தியை வீட்டில் படுத்திருந்த அங்கம்மாளும் சொன்னாள். "ஜிகினாவப் பாத்து மயங்கிறாதீங்க. பொண்ணு பாக்க வந்தப்ப என்ற மூக்குத்தியப் பாத்து மயங்குன ஆளுதான நீங்க" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். இருமல் நின்ற பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அங்கம்மாள் அவன் மனைவி. ஆடியிலிருந்து படுக்கைதான். நூல் தூசி நெஞ்சுக்கு ஆகாது, இனிமேல் ராட்டையைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கந்தவேலிடம் இன்னொன்றும் சொன்னார். அதை அவன் அவளிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ராட்டை போனதும் அவள் விரல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவை சும்மா இருக்கவும் தெரியாத விரல்கள். கட்டில் கயிற்றை மீட்டின, போர்வை விளிம்பைத் திரித்தன. ஒரு நாள் திடீரென்று, "ஏனுங்க, நானு மாண்டலின் கத்துக்கட்டுங்களா?" என்றாள்.

அவளுக்கு அந்த ஆசை வந்ததற்குக் காரணம் இருந்தது. அவர்கள் ஊரான ஜலகண்டாபுரத்துக்கு ஒரு வருஷம் கோயில் நோம்பிக்கு வந்த நாடகக் கம்பெனி அவர்கள் தெருவிலேயே தங்கியது. அப்போது அந்தக் கம்பெனியில் இருந்த மருதாசலம் எதிர்வீட்டுக்குள் உட்கார்ந்து வாசிப்பார். இவள் இங்கே ராட்டையில் தறிக்கான நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக்கொண்டே கேட்பாள். வேற்று ஆண்கள் இருக்கும் வீட்டுக்குள் போய் அந்த வாத்தியம் எப்படி இருக்கும் என்று பார்க்கவா முடியும்? காதால் பிடித்து வைத்துக்கொண்டதோடு சரி. இப்போது கந்தவேல் சேலத்துக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டபோது மருதாசலம் மறுக்கவில்லை. "வாத்தியத்த வாங்கி வெய்யுங்க. வெள்ளிக்கெழம நானே வந்து தொடங்கி வெக்கறேன்" என்றார். நாளைக்குத்தான் வெள்ளிக்கிழமை.

இரண்டாவது மாண்டலினில் முறுக்காணி இளகியது. மூன்றாவதும் மற்றவற்றைப் போலக் கல்கத்தாவில் செய்ததுதான், தட்டை முதுகுக்காரன். பூவும் கிடையாது, மினுக்கும் கிடையாது, மண் நிறம். கழுத்து நேராக இருந்தது. கம்பிகள் கட்டையை ஒட்டி ஓடின. அடிவயிற்றில் நகத்தால் கீறிப் பார்த்தான். வெடிப்பு எதுவும் இல்லை. விலையும் அவன் மடிக்குள் அடங்கியது. மீட்டிப் பார்க்க மட்டும் கூச்சமாக இருந்தது.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. கம்பிகள் ஒவ்வொரு இடத்திலும் இரண்டிரண்டாக ஒட்டி ஓடின.

நெசவுக்காரனுக்கு அதைப் பார்த்தால் பொறுக்காது. தறியில் ஓர் இழை ஓட வேண்டிய இடத்தில் இரண்டு சேர்ந்து ஓடினால் சேலை முழுவதும் தழும்பு மாதிரி ஒரு கோடு விழும். மற்ற இரண்டு மாண்டலின்களையும் திரும்ப எடுத்துப் பார்த்தான். அவற்றிலும் அதே குற்றம். தறியில் இழை பிணைக்கிறவன் முதலில் தப்பாகப் பிணைத்தால், அந்தப் பாவின் நீள இழைகள் தீரும்வரை தப்பாகத்தான் வரும். கல்கத்தாவில் எவனோ ஒருவன் மொத்தமாகக் கோட்டைவிட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான். முறுக்காணிகூட எட்டு அடித்திருந்தான். செய்த தப்பைத் தைரியமாகச் செய்திருந்தான்.

அடுத்தவன் வேலையில் உள்ள குற்றத்தை, அவனாகக் கேட்டால் ஒழிய, முகத்துக்கு நேரே சொல்வது அவர்கள் தெருவில் வழக்கமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், அதிகப்படி இழையை ஊசியால் மெல்ல உருவிவிடுவார்கள். நெய்தவனுக்குக்கூடத் தெரியாது.

"வாசிக்கறது ஆருங்க?" என்று கேட்டார் கடைக்காரர்.

"புதுசா கத்துக்கறவங்களுக்குங்க."

"அப்ப இதுவே யதேஷ்டம். கை தேறட்டும். அடுத்த வருஷம் கூட்டிக்கிட்டு வாங்க, பெருசா ஒண்ணு எடுத்துத் தாரேன்."

"வாரேனுங்க" என்றான் கந்தவேல். மடியை அவிழ்த்து, குனிந்துகொண்டே பணத்தை எண்ணினான்.

யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடிய பஸ் மேடு கண்ட இடத்திலெல்லாம் மூச்சு வாங்கியது. ஆட்களை இறக்கி நடக்கவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டது. இத்தனை நேரம் நின்று நிதானித்து வாங்கியிருக்க வேண்டுமா என்று அவன் தன்னையே திட்டிக்கொண்டான். மாண்டலினைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தான். கூரைமேல் போடச் சொன்ன கண்டக்டரிடம் மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினான். "கொளந்தைக்கும் டிக்கெட்டு எடுக்கறீங்களா?" என்றான் கண்டக்டர். பிள்ளையில்லாத கந்தவேல் அதற்கும் சிரித்து வைத்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது அங்கம்மாள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒத்தாசைக்கு வந்திருந்த தங்கை ராமாத்தாளிடம் சொல்லித் தலை சீவிப் பூ வைத்திருந்தாள். துண்டைப் பிரித்து மாண்டலினை அவள் மடியில் வைத்தான். அவள் அதன் வயிற்றைத் தடவினாள், கழுத்தைத் தடவினாள். அப்புறம் குனிந்து கம்பிகளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏனுங்க."

"என்ன புள்ள?"

"ரெட்ட இழ ஓடியிருக்குது."

"பாத்தேன். மூணுலயும் அப்படித்தான் இருந்துச்சு."

"கடைக்காரர்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே?"

"சொல்லுவனா?"

"நல்லதாப் போச்சு. பாவம், அவரு பொழப்பு."

அவளுக்குத் தெரியாமல் போனால்தான் அதிசயம். விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை நீட்டிக் கஞ்சி போடும்போது, அதன் ஓரமாகவே நடந்து இரட்டை இழையைக் கண்டுபிடிப்பதில் அங்கம்மாளை அடிக்க ஆள் கிடையாது. அடுத்த வீட்டுப் பாவுக்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அங்கம்மாள் பார்த்த பாவு என்றால் யாரும் மறுபடி பார்க்க மாட்டார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர்கள் வேலை அப்படித்தான். அவள் காட்டுவாள், அவன் உருவுவான்.

"எடுத்துரலாமுங்களா?" என்றாள்.

அவன் கட்டிலில் பக்கத்தில் உட்கார்ந்து ஆணியைத் தளர்த்தினான். "அது இல்லீங்க, அதுக்குப் பக்கத்தது. இது கொஞ்சம் தெம்பா இருக்குது, இருக்கட்டும்" என்று விரல் வைத்துச் சொன்னாள். அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராமாத்தாள், "ஏங்கா, அந்த வாத்தியாரக் கேட்டுட்டு எடுக்கலாமில்ல?" என்றாள்.

"இதுல கேக்கறதுக்கு என்னடி இருக்குது? எனக்குக் கண்ணு தெரியலையா?"

நான்கு கம்பிகள் வெளியே வந்தன. அவற்றை வீணாக்க அவளுக்கு மனமில்லை. கூடையிலிருந்து ஒரு வெறும் தார்க்குச்சியை எடுத்துத் தரச் சொல்லி, அதில் அழுத்திச் சுற்றினாள். பிரியாமல் இருக்க மேலே நூல் சுற்றி, இழையோடு இழையாக அடங்கிவிடும் அவளுடைய முடிச்சைப் போட்டாள். ஆடிக்குப் பிறகு அவள் தாரைத் தொட்டது அன்றைக்குத்தான். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் கந்தவேல் வெகுநாளைக்குப் பிறகு அவள் முகத்தில் வேலை முடித்த நிறைவைப் பார்த்தான்.

பிறகு ஒரு கம்பியை மீட்டினாள். சன்னமாக ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. மறுபடி மீட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டாள்.

"எதுத்தூட்டுல கேட்டதுக்கு மெலிசா இருக்குதுங்க."

"புதுசில்ல. பழகப் பழகத் தெறந்துக்கும்."

"ஆமா." அவள் கம்பியை விரலால் அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினாள். "கத்துக்க ரொம்ப நாளாகுமுங்களா?"

"ஆவட்டுமே. நமக்கென்ன அவசரம்?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "ஆமா, நமக்கென்ன அவசரம்" என்றாள்.

படுத்தபோது மாண்டலின் அவளுக்கு ஒரு பக்கம் இருந்தது. மறுபக்கம் தரையில் கந்தவேல் சுவரில் சாய்ந்திருந்தான். கட்டிலிலிருந்து தொங்கிய அவள் கை அவன் தோள்மேல் கிடந்தது. கண் அசந்துவிட்டான். விடிந்தபோது அந்தக் கை கனத்திருந்தது. எழுந்தால் அது கீழே விழுந்துவிடும் என்று, ராமாத்தாள் வந்து பார்த்து அலறும்வரை அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்குத் தெருவில் யாரும் பாவு நீட்டவில்லை.

மருதாசலம் சொன்னபடி காலை பஸ்ஸில் வந்தார். கையில் வெற்றிலை பாக்குப் பொட்டலமும் தேங்காயும் இருந்தன. பாடம் தொடங்கி வைக்க வந்தவர். வாசலில் பந்தலைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு, பொட்டலத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக நின்றார். சுடுகாடுவரை வந்தார். குளித்துவிட்டு வந்து, மற்றவர்கள் கலைந்த பிறகு, உள்ளே கந்தவேலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். தறியில் சாய்த்து வைத்திருந்த மாண்டலினை எடுத்தார்.

"நல்ல வாத்தியமுங்க. கழுத்து வெகு நேரு. நின்னு பாத்து எடுத்திருக்கீங்க."

"ஆமாங்க."

"மத்த நாலு கம்பி எங்கீங்க?"

கந்தவேலுக்கு முதலில் புரியவில்லை. "எந்த நாலுங்க?"

"எட்டுக் கம்பி ரெட்ட ரெட்டயா ஓடோணுமில்லீங்களா? ஒரே சுதியில ரெண்டு சேந்து அதிர்ந்தாத்தான் இதுக்கு அந்த நாதம். ஒத்தையா இருந்தா மெலிசாத்தான் கேக்கும்."

மெலிசாக இருக்கிறது என்று அங்கம்மாளின் காது அப்போதே சொன்னதே என்று கந்தவேல் நினைத்தான். கேட்க ஆசைப்பட்டதைக் கேட்காமலே போய்விட்டாள். பழகப் பழகத் திறக்கும் என்று அவன்தான் சொன்னான், அவளும் நம்பினாள்.

தண்ணீர்ச் செம்போடு வந்த ராமாத்தாள் நின்றுவிட்டாள். "அய்யோ, அது எங்கக்காதானுங்க..." என்று தொடங்கினாள்.

"அறுந்து போச்சுங்க" என்றான் கந்தவேல். "பஸ்ஸுல வாரப்ப. நாந்தான் சரியாப் புடிக்கல."

ராமாத்தாள் அவனைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மருதாசலம் வெறுமையாக நின்ற ஆணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஜோடிக்கு ஒன்றாக, கணக்காக நான்கு. எந்த ஆணியிலும் அறுந்த நுனி ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. முப்பது வருஷமாகக் கம்பி அறுத்தவர் அவர். ஒருமுறை அடுப்படிப் பக்கம் பார்த்தார், பிறகு மாண்டலினைப் பழையபடி தறியில் சாய்த்தார்.

"கரிவண்டியில அப்படித்தானுங்க ஆகும்" என்றார். "அடுத்த வெள்ளிக்கெழம புதுக் கம்பி நாலு கொண்டாரேன்."

"கொண்டாங்க. நான் ஊட்டுலதான் இருப்பேன்."

அவர் போன பிறகு ராமாத்தாள் விளக்கேற்றி வைத்துவிட்டுப் போனாள். கந்தவேல் ராட்டைக்குப் பக்கத்தில் இருந்த கூடையைத் தன் பக்கம் இழுத்தான். நூல் தார்களுக்கு மேலே அந்தக் கம்பித் தார் கிடந்தது. அவள் போட்ட முடிச்சு எங்கே இருக்கிறதென்று விரலால் தடவிப் பார்த்தான். திருப்பித் திருப்பித் தடவினான். தட்டுப்படவே இல்லை.