மூடிவைத்த கம்ப்யூட்டர்கள்

கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்த கம்ப்யூட்டர்கள் ஈஸ்டர் கழிந்தும் வெள்ளைத் துணிக்குள்ளேயே இருந்தன. நாகர்கோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள காலனிப் பிள்ளைகளுக்கென்று வந்தவை. வாங்கிக் கொடுத்தவர் குவைத்திலிருந்து லீவில் வரவேண்டும். போதகர் ஜெபித்துப் பிரதிஷ்டை செய்யவேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது என்று சபைச் செயலாளர் ராஜையன் சொல்லிவிட்டார். அவை இருந்த சர்ச் ஹாலில் பிள்ளைகளுக்கு அவர் தலைமைத்துவப் பயிற்சி மட்டும் நடத்தினார். கம்ப்யூட்டர் பாடத்துக்குக் கீபோர்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்.

காலனிப் பெண் ரெஜிஷாவுக்கு மறுநாள் தக்கலையில் ஓர் ஆஸ்பத்திரியில் பில் போடும் வேலைக்குத் தேர்வு. டைப் செய்து காட்டவேண்டும். கிடைக்காவிட்டால் அம்மாவோடு தெருக் கூட்டப் போகவேண்டியதுதான். சாயங்காலம் தோழி சுஜியோடு ஹாலில் இருந்த ராஜையனிடம் வந்தாள்.

“மாமா, ஒரு மணிக்கூர் போதும். ஒண்ணை மட்டும் திறந்து தாருங்க.”

“எத்தனை மட்டம் சொல்லணும்? ஜெபிக்காம தொடப்பிடாது. எல்லாத்துக்கும் ஒரு முறை உண்டு, கேட்டியா?”

“எனக்க பரீட்சை நாளைக்கு.”

“பொறுமை வேணும் மக்கா. பொறுமை இல்லாதவ என்ன தலைவி?”

“உங்க மோன் டிஜோவுக்க லேப்டாப்புக்கு எந்தப் போதகர் வந்து ஜெபிச்சாரு?” என்றாள் சுஜி.

“வாயை மூடுட்டி!”

ரெஜிஷாவுக்குக் காது கொதித்தது. “முன்னால நின்னு பேசுன்னு படிப்பிச்சது நீங்கதானே? பேசினா மட்டும் பொறுமை வேணுமா? சரி, ஜெபம்தானே வேணும்?”

ஹால் நடுவில் நின்று கைகூப்பினாள். “எங்கள் பிதாவே…”

ராஜையன் சட்டென்று செருப்பைக் கழற்றினார். தலை குனிந்து கண்ணை மூடினார். ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே வந்த பழக்கம்.

“பசிச்ச பிள்ளைக்கு முன்னால சோற்றை மூடி வச்சிருக்காங்க. இது உமக்குப் பிரியமா? எனக்குக் கோபம் வருது ஆண்டவரே. இந்தக் கோபத்தையும் இந்தக் கம்ப்யூட்டரையும் ஆசீர்வதியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.”

“ஆமென்,” என்றார் ராஜையனும்.

அவர் கண்ணைத் திறந்தபோது சுஜி ஒரு துணியை உருவி மடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி! இது பிரதிஷ்டையாகுமா?”

“நீங்களும் ஆமென் சொன்னியளே மாமா.”

கடவுளிடம் சொன்ன ஆமெனை ராஜையனால் திரும்ப வாங்க முடியவில்லை. சுவரோரம் போய் மெயின் சுவிட்சைப் போட்டார்.

ரெஜிஷா நன்றி சொல்லவில்லை. உட்கார்ந்தாள். கோபம் ஆறாமலே பொத்தானை அழுத்தினாள். திரை வெளிச்சமானதும், “மிச்சத் துணியையும் எடு, சுஜி. போய் எல்லாரையும் விளிச்சிட்டு வா” என்றாள்.

அடுத்த துணியின் ஒரு முனையை ராஜையன் பிடித்தார்.