எம்மட் கிரேக் சொன்ன வார்த்தை

எம்மட் கிரேக்கின் மெழுகுப் பொம்மையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மேல்சட்டையின் நாடா அவிழ்ந்து, ஒரு தோள் வெளியே தெரிய, உதட்டுச் சாயத்தோடு எங்கள் ஊர் அருங்காட்சியக வாசலில் நிறுத்தியிருந்தார்கள். 'ஒழுக்கங்கெட்ட விதவை, 1431' என்றது பலகை.

எம்மட்டின் கணவன் மாவு ஆலை வைத்திருந்தவன். அவன் செத்த மறுமாதமே கொழுந்தன் அவளிடம் கைநாட்டு வாங்கி ஆலையைப் பிடுங்கிக்கொண்டான். அவள் வழக்குப் போட்டாள். அந்த வாக்குமூலத்தைக் காப்பகத்தில் தேடியெடுத்து, இன்றைய எழுத்தில் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவள் நான்தான். 'நான் லெவெட் பெண். பத்திரத்தில் இருந்ததை யாரும் எனக்கு வாசித்துச் சொல்லவில்லை' என்றிருக்கிறாள். லெவெட் என்ற அந்தப் பழைய ஆங்கிலச் சொல் இன்று 'லூட்' என்று தேய்ந்து, ஆபாசத்தைக் குறிக்கிறது. அவள் சொன்னது, படிக்காதவள் என்று. பலகை எழுதியவர்கள் இன்றைய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அருங்காட்சியக இயக்குநர் கிளைவ் பார்டோவிடம் போனேன். மேஜையில் பாதி தின்ற இறைச்சி ரொட்டி, டை முழுக்கத் துணுக்கு.

"லூட்னா என்னன்னு எனக்குத் தெரியாதா ஹெஸ்டர்?"

"இது அறுநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ். அப்ப 'நைஸ்'னா முட்டாள். அந்தக் கணக்குல நீங்க ரொம்ப நைஸ்."

அவர் சிரித்தார். "படிக்காத பொம்பளையைப் பார்க்க எவன் டிக்கெட் வாங்குவான்? சனிக்கிழமை வந்து கூட்டத்தைப் பாருங்க."

போனேன். பீர் நாற்றமடித்த ஒருவன் பொம்மையின் மார்பில் கைவைத்து நிற்க, அவன் மனைவி சிரித்துக்கொண்டே படமெடுத்தாள். என் கோட்டைக் கழற்றிப் பொம்மைக்கு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டேன்.

"என்னம்மா, அவளுக்குக் குளிருதா?" என்றான்.

"இல்ல. உங்க கை அருவருப்பா இருக்குதாம்."

அன்றே நிர்வாகக் குழுவுக்கு வாக்குமூலத்தின் நகலோடு கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் புதுப் பலகை வந்தது: 'படிக்காத, ஒழுக்கங்கெட்ட விதவை.'

"ரெண்டு அர்த்தமும் போட்டாச்சு. இப்பத் திருப்திதானே?" என்றார் கிளைவ்.

"அவ கேஸ்ல ஜெயிச்சு ஆலையைத் திரும்ப வாங்கினா. அதையாவது போட்டிருக்கலாமே."

"பலகையில இடமில்லையே."

இடம் இருந்தது. கடைசி வரியில் எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். கிளைவ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வீட்டுச் சாவியால் என் பெயரை முழுசாகச் சுரண்டியெடுத்தேன். நகக்கண்ணில் ஒட்டிய பெயிண்ட்டைக் கழுவ வெகுநேரம் ஆனது.